திகதி மறந்த தப்பால்காரர்

வணக்கம் நேயர்களே.

ஹட்டன் பக்கம் சித்திரை மாதத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பகல் இரண்டு மணிக்கு வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு இடி இடிக்கும். அப்படி ஒரு மழையில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து, எங்கள் பகுதியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கட்டாரிலிருந்து அண்ணன் எடுக்கும் கோலுக்காகக் காத்திருந்த அம்மா, "அந்தப் பெட்டிய வச்சு நீதான் என்னமோ செஞ்சிட்ட" என்றார். நான் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதுதான் சரி என்று புரிய மூன்று மணித்தியாலம் பிடித்தது.

அந்தப் பெட்டி ஒரு ராஸ்பெர்ரி பை, உள்ளங்கையளவு கணினி. விளம்பரங்களைத் தடுக்க அதில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அது என்ன வேலை செய்கிறது? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்துப் பெயருக்குத்தான் வரும். இன்னார் வீடு எது என்று தெரிந்தவர் தப்பால்காரர். இணையத்தில் அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ். நாம் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. பை-ஹோல் நம் வீட்டுக்கென்று வைத்துக்கொண்ட தப்பால்காரர். விளம்பரக்காரரின் பெயரைக் கேட்டால், எங்கும் போய்ச் சேராத 0.0.0.0 என்ற முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுவார். யூடியூப் விளம்பரம் மட்டும் இவருக்கு மசியாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் அவர் எதை மறிப்பார்?

சரி, இவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். அதனால் நெட் வேலை செய்யாதபோது முதலில் பார்க்க வேண்டியது, பழுது பாதையிலா, தப்பால்காரரிடமா என்பதுதான். 1.1.1.1 என்பது வெளியிலுள்ள பொது டிஎன்எஸ் ஒன்றின் எண். கணினியிலிருந்து அதற்கு பிங் அனுப்புங்கள், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை. பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது. அடுத்து, பெயருக்குரிய எண்ணைக் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையில் ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்து, பை-ஹோலிடம் ஒரு தடவையும் 1.1.1.1இடம் ஒரு தடவையும் கேளுங்கள். பை-ஹோலிடமிருந்து சத்தமே இல்லையென்றால் பெட்டி ஓடவில்லை, அல்லது கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

எனக்கு வந்தது இரண்டுமில்லை. பெட்டி பதில் சொன்னது, ஆனால் 'சேர்வ்ஃபெயில்', அதாவது கேட்டேன், முடியவில்லை என்று. பிறகுதான் பெட்டியின் திகதியைப் பார்த்தேன். அது இரண்டு நாள் பின்னால் நின்றது!

பழைய ராஸ்பெர்ரி பைகளில் பெட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே மறுபடி தொடங்கும். நான் பை-ஹோலுக்குப் பின்னால் அன்பவுண்ட் என்ற மென்பொருளையும் ஓட விட்டிருந்தேன். பெயர்களுக்கான எண்ணைத் தானே தேடுவதும், பதில் இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் அதன் வேலை. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி உண்டு. நேற்றுப் போட்ட கையொப்பம், முந்தாநாளில் நிற்கும் பெட்டிக்கு இன்னும் தொடங்காத கையொப்பம். ஆகவே தள்ளிவிட்டது. நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம்தானே என்று கேட்பீர்கள். நேரம் சொல்லும் சேர்வரின் முகவரியையும் அதே பெட்டியிடம்தான் கேட்க வேண்டும்! சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை.

அன்றைக்குக் கையால் திகதியை மாற்றினேன். அப்புறம், பெட்டி தன் சொந்தத் தேவைக்கு மட்டும் வெளியிலுள்ள டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்படி வைத்தேன். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையையும் பொருத்தலாம். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பெட்டரியை மட்டும் நாம் வாங்கிப் போட வேண்டும்.

ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். 'உதவிக்கு இருக்கட்டும்' என்று பலர் அதில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடுகிறார்கள். போன்கள் அதை உதவியாளாகப் பார்ப்பதில்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். விளம்பரம் திரும்பி வரும். நீங்கள் பை-ஹோலைச் சந்தேகிப்பீர்கள். அண்ட்ரொயிட் போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் வேறு பெயர் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

ஆனாலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், நான் இல்லாத நேரத்தில் கோல் வராமல் போவதைவிட விளம்பரம் வருவதே மேல். அதனால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைப் பழையபடி மாற்றி, போன்களின் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடும் விதத்தைத் தாளில் எழுதி ரவுட்டரின் முதுகில் ஒட்டியிருக்கிறேன். தங்கச்சி இதுவரை இரண்டு தடவை அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள். இரண்டாவது தடவை எனக்குச் சொல்லவும் இல்லை.

நன்றி, வணக்கம்.