செவிக்கும் ஓர் அறை வேண்டும்

(சீர்காழியில் நூலக வாசகர் வட்ட விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே மயிலாடுதுறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையில் பாதியை முடித்துவைத்த தமிழாசிரியை அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்துத் தந்திருக்கும் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஒலிபெருக்கித் தம்பியை இந்த வரிசையில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். "நீங்கள் கேட்டு மகிழ்ந்த இசையில், பல காலத்தையும் பல வகையையும் சேர்ந்த சிலவற்றை எங்களுக்குப் பரிந்துரையுங்கள்" என்று தலைப்புக் கொடுத்த நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சீர்காழியில் நின்றுகொண்டு இசையைப் பரிந்துரைப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்பதுதான். ஞானசம்பந்தர் பிறந்த ஊர் இது. அவர் பாடிய முதல் பதிகமே நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய கீர்த்தனை ஆசிரியர்களைச் சீர்காழி மூவர் என்றே இசையுலகம் அழைக்கிறது. ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்டு வெண்கலக் குரலால் நாட்டை ஆண்ட கோவிந்தராஜனைப் பற்றி உங்களிடம் நான் என்ன சொல்ல? இவ்வளவும் தெரிந்தே துணிந்து நிற்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, பழைய இசைத்தட்டுகளில் எவற்றைக் கேட்கலாம் என்பது. இரண்டாவது, நம் செவிக்குப் பழகாத அயல்நாட்டு இசைக்குள் எந்த வாசல் வழியாக நுழையலாம் என்பது. மூன்றாவது, இன்றைய இளைஞர்கள் கேட்கும் ராப் முதலியவற்றை என் வயதினர் எப்படி அணுகுவது என்பது. மூன்றுக்கும் ஒரே பழமொழியைத் துணைக்கு அழைக்கிறேன்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஓர் இசை வகையை அறிய அதன் வரலாறு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, நல்லதாக ஒன்றைக் கேட்டால் போதும். ஆனால் அந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பவர் கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும்.

முதலில் கௌஹர் ஜானைக் கேளுங்கள். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில், இந்தியாவின் முதல் ஒலிப்பதிவுகள் நடந்தபோது பாடியவர். ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் ராகத்தையும் பாட்டையும் முடித்துவிட்டு, இறுதியில் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். பதிவுகள் ஜெர்மனிக்குச் சென்று தட்டுகளாக அச்சாகி வந்தன. பாடியவர் யார் என்று அங்குள்ளவர்கள் அறிந்து பெயர் ஒட்டவே அந்த ஏற்பாடு. அந்தக் குரலில் இருக்கிற மிடுக்கை இன்றைய மேடைகளில் நான் அதிகம் காண்பதில்லை. அடுத்து நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. 27 வயதில் மறைந்த அந்த மனிதர் மேல்சட்ஜம் என்ற உயர்ந்த ஸ்வரத்தைக் கடந்து ஏறும்போது, பழைய தட்டின் இரைச்சல் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். மூன்றாவது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி ராகம். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். இதைக் கேட்கும்போது எங்கள் மைக்செட் அண்ணன் நினைவு வருகிறது. தலைவர் அனுமதித்தால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலம். கொள்ளிடக் கரையில் என் மாமா ஊரில் தீமிதித் திருவிழா. பூவரச மரத்தில் புனல் வடிவ ஒலிபெருக்கி. மரத்தடியில் ஒரு விசுப்பலகை, அதன்மேல் தட்டுச் சுழலும் பெட்டி, பக்கத்தில் தகரப் பெட்டி நிறையத் தட்டுகள். காலையில் விநாயகர் பாட்டு முடிந்ததுமே பிரச்சினை தொடங்கிவிட்டது. கீழத் தெருவினர் எம்.ஜி.ஆர். பாட்டுத்தான் வேண்டும் என்றார்கள். மேலத் தெருவினர் சிவாஜி பாட்டுத்தான் வேண்டும் என்றார்கள். ஒன்று மாற்றி ஒன்று போட்டார் அண்ணன். "அவனுக்கு நாலு போட்டே, எங்களுக்கு மூணுதான்" என்று கணக்கு வந்தது. நாட்டாண்மைக்காரரைக் கூப்பிட்டார்கள், அவர் கீழத் தெருவில் பெண் எடுத்தவர் என்று மேலத் தெரு அவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் ஒயரைப் பிடுங்கப் போனார், மற்றொருவர் அவர் துண்டைப் பிடித்தார். அண்ணன் ஒன்றும் பேசாமல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார், வேட்டி முனையால் துடைத்தார், ஊசியை மாற்றினார், வைத்தார். தோடி புறப்பட்டது.

இரண்டு தெருவும் சேர்ந்து அவரைத் திட்டின! அன்றைக்குத்தான் அந்த ஊரில் முதன்முதலாக ஒற்றுமை ஏற்பட்டது என்று என் மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "என்னடா ஊதல், பாட்டைப் போடுடா" என்று கூட்டம் கத்தியது. "அண்ணே, ஒரு பக்கம் மூணு நிமிஷம். அது வரைக்கும் பொறுங்க, அப்புறம் உங்க பாட்டு" என்றார் அவர். திட்டிக்கொண்டே நின்றவர்கள், ஒயரைப் பிடித்தவர், துண்டைப் பிடித்தவர் எல்லாருமாக நின்றபடியே கேட்டார்கள். தட்டு முடிந்ததும் மேலத் தெருக் கிழவர் ஒருவர், "மறுபக்கம் என்னப்பா இருக்கு?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சு முழுவதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த அண்ணனின் தொழிலைச் செய்கிறவர் என்பதால்தான் இங்கே ஒலிபெருக்கித் தம்பிக்கும் வணக்கம் சொன்னேன்.

அந்த மறுபக்கத்துக்கு இப்போது போவோம். நாகசுரத்துக்குப் பழகிய காது பிஸ்மில்லா கானின் ஷெனாயை உடனே ஏற்கும். அங்கிருந்து நம் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனுக்கு வாருங்கள். அதிலிருந்து அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்குச் செல்வது ஒரு எட்டுத்தான். 1961இல் வெளியான அவருடைய 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற தட்டில் சோப்ரானோ சாக்ஸபோனை வாசிக்கிறார். பியானோவும் மத்தளங்களும் ஒரே தளத்தில் சுற்றிக்கொண்டிருக்க, மேலே அவர் விரித்துக்கொண்டே போகும் போக்கு நம்மவர்க்கு அந்நியமாகவே படாது. நம் சிதார் மேதை ரவிசங்கரை மதித்துத் தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டவர் அவர். அடுத்து எகிப்தின் பாடகி உம் குல்தூம். கெய்ரோ வானொலி மாதத்தின் முதல் வியாழக்கிழமைதோறும் இவருடைய கச்சேரியை ஒலிபரப்பியது. ஒரே பாட்டு ஒரு மணி நேரம் போகும். அவையோர் ஆரவாரிக்க, அதே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடுவார். நம் வித்துவான்கள் நிரவல் செய்வதைக் கேட்டவர்கள் 1964ஆம் ஆண்டின் 'இன்தா ஓம்ரி' பாட்டை மொழி தெரியாமலே தொடர்ந்துவிடலாம். ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) பற்றிச் சொல்ல நேரமில்லை. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அந்த வாசல் வழியாக நுழைந்துகொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கைபேசியே காட்டுமே என்று மாணவர்கள் நினைக்கலாம். காட்டும். ஆனால் நேற்று நீங்கள் கேட்டதற்கு ஒத்ததைத்தான் அது பெரும்பாலும் நீட்டுகிறது, எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்டவருக்கு மேலும் எம்.ஜி.ஆர். பாட்டு. கூட்டம் திட்டினாலும் தோடியை வைக்கிற துணிவு அதற்கு வராது. முன்பு வானொலியில் நேயர் விருப்பம் இருந்தது. யாரோ ஓர் ஊர்க்காரர் அஞ்சலட்டை போட்டுக் கேட்ட பாட்டு, கேட்காத ஆயிரம் பேர் காதிலும் விழுந்தது. இலங்கை வானொலிக்காக ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்த கைகள் இந்த அவையிலும் சில இருக்கும்.

ஆகவேதான் மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கோரிக்கை வைக்கிறேன். நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது இதே சீர்காழியில். "ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்" என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. இசைத்தட்டுக்கும் அந்த விதி பொருந்தும். அவர் முயற்சியால் 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன்: இந்த நூலகத்தில் இசை கேட்க ஓர் அறை வேண்டும். பெரிய செலவில்லை. பழைய தட்டுகளுக்கு ஏற்ப நிமிடத்துக்கு 78 சுற்றும் ஓடக்கூடிய பிளேயர் ஒன்று, அதற்கான அகல ஊசி, இரண்டு மூன்று ஹெட்போன்கள், மேசைமேல் ஒரு பேரேடு. வருகிறவர் தமக்குப் பிடித்த ஒன்றை, எந்த இடத்தில் கவனித்துக் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு அதில் எழுத வேண்டும். போகுமுன் வேறொருவர் எழுதிய ஒன்றைக் கேட்க வேண்டும். ஓதுவார் ஒருவர் தேவாரம் பாடிய தருமபுரம் சுவாமிநாதனை எழுதட்டும், நாகூர் ஹனீபாவின் அன்பர் அவரை எழுதட்டும், பத்தாம் வகுப்புப் பையன் ராப்பை எழுதட்டும். நான் சொல்வதாக இருந்த மூன்றாவது செய்தியை அந்தப் பையனே பேரேட்டில் எழுதிவிடுவான். எனக்கும் அவன் ஒரு சோறு எடுத்துக் கொடுக்கட்டும், பதம் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரண்களில் இன்னும் தட்டுகள் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அறை வரும்வரை வாங்கி வைத்துக்கொள்ள நூலகர் அவர்கள் இசைந்திருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும், விரிசல் விடும். புத்தகம்போல் நிறுத்தி எடுத்து வாருங்கள். 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. பளபளப்பாக்குகிறேன் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பாட்டே கரைந்துவிடும். மென்மையான உலர்ந்த துணி போதும். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், நன்றி, வணக்கம்.