மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்

(உலக அருங்காட்சியக நாளையொட்டிக் கும்பகோணத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் காப்பாட்சியர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசிமுடித்துவிட்ட செயலாளர் அவர்களே, சுவாமிமலையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்தபதி ஐயாக்களே, அரசு கவின்கலைக் கல்லூரி மாணவ மாணவியரே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த நல்ல மனசுக்காரரே, தாய்மார்களே, பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நன்றியுரையில் சேர்த்துக்கொள்வார்கள்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க முடியாது. ஊரில் எந்தப் பழைய வீட்டை இடித்தாலும் முதலில் போய் நிற்பவர் அவர். போதிகை, நிலைவாசல், ரவிவர்மா அச்சுப்படம் என்று குப்பை லாரியில் ஏறவிருந்ததையெல்லாம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் அம்மா என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். காப்பாட்சியர் அவர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் என்ன பேசுவேன் என்று தெரிந்தே வந்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனியார் கொடுக்கும் கலைப்பொருளை அருங்காட்சியகம் எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய தலைப்பு. மூன்று செய்தி சொல்லப்போகிறேன். கொடுப்பவருக்கு அந்தப் பொருள் உண்மையில் சொந்தமா என்பது ஒன்று. அவர் போடும் நிபந்தனை இரண்டாவது. அவருக்கு அரசு தரவேண்டிய வரிச்சலுகை மூன்றாவது.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். வீட்டுக்கு வரும் மாட்டுக்கு அது சரி. அருங்காட்சியகத்துக்கு வரும் மாட்டைப் பல்லையும் பார்க்க வேண்டும், கொம்பையும் பார்க்க வேண்டும், எந்தத் தொழுவத்திலிருந்து அவிழ்த்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில், 2022இல், சுபாஷ் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது கும்பகோணம் நீதிமன்றம். அந்தக் கபூர் நியூயார்க்கில் கடை வைத்துப் பழைய சிலைகளை விற்றவர் மட்டுமில்லை, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு அன்பளிப்பும் கொடுத்தவர். சுவரில் அன்பளிப்பாளர் என்று அவர் பெயரைப் போட்டு நன்றியும் சொன்னார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் கதையும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, 2014இல் திருப்பிக் கொடுத்தது. அது நம்முடைய நடராஜர்தான் என்று காட்டிக் கொடுத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த புகைப்படங்கள். ஒரு படம், அதன் பின்னால் ஊர்ப்பெயர், தேதி. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வருஷக்கணக்காகக் கத்துவதும் இதைத்தான்.

நம் சட்டமும் சும்மா இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலையை வீட்டில் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். ஆகவே 'எங்கள் தாத்தா காலத்து ஐம்பொன்' என்று ஒருவர் கொண்டுவந்தால் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்று. அப்புறம், இதோ இருக்கிற ஸ்தபதி ஐயாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். பீடத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தே அவர் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, நிபந்தனை. ஸ்காட்லாந்தின் கப்பல் முதலாளி வில்லியம் பர்ரெல் 1944இல் தன் சேகரிப்பு முழுவதையும் கிளாஸ்கோ நகரத்துக்குக் கொடுத்தார். நகரத்துப் புகை படாத தூரத்தில் வைக்க வேண்டும், கடல் கடந்து இரவல் தரக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். அருங்காட்சியகம் திறக்க 1983 ஆகிவிட்டது. இரவல் நிபந்தனையைத் தளர்த்த 2014இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டிவந்தது.

அதைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்துக்காரர் ஹியூ லேன். படம் வாங்கி விற்பவர். மானே, ரெனுவார், மோனே என்று பெரிய கைகள் வரைந்த 39 ஓவியங்கள் அவரிடம் இருந்தன. டப்ளின் நகரத்துக்கே தருகிறேன், நிரந்தரமாக ஒரு கட்டடம் மட்டும் கட்டுங்கள் என்றார். நம் புதுதில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ், லிஃபி ஆற்றின் மேல் பாலம்போல ஒரு கலைக்கூடம் வரைந்து கொடுத்தார். மாநகராட்சியில் ஒரே வாக்குவாதம். செலவு யாருடையது, ஆற்றின் மேல் எதற்கு என்று இழுத்தடித்துக் கடைசியில் 1913இல் வேண்டாம் என்றார்கள். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. படங்களை லண்டனுக்கு அனுப்பி, உயிலையும் லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் பெயருக்கு எழுதிவிட்டார். லண்டன் என்ன செய்தது? சிலதைத்தான் மாட்டுவோம் என்றது! அவருக்கு மனசு மறுபடி ஊர்ப்பக்கம் திரும்பியது. 1915 பிப்ரவரியில், படங்கள் டப்ளினுக்கே என்று உயிலுக்கு ஓர் இணைப்பு எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் கையெழுத்து. எழுதி மேசைக்குள் வைத்துவிட்டு அமெரிக்கா போனார். திரும்பி வந்தது லூசிட்டானியா கப்பலில். மே 7ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. தான் பிறந்த கார்க் மாவட்டத்துக் கடலிலேயே போய்விட்டார்.

மேசையைத் திறந்தார்கள், காகிதம் கிடைத்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றைத் தவிர. சாட்சிக் கையெழுத்து இல்லை! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வீட்டில் அப்படி உயில் இருக்கிறதோ. டப்ளின் தனக்கு என்றது, லண்டன் சட்டப்படி தனக்கு என்றது. பிரிட்டிஷ் அரசு ஒரு குழு போட்டது. லேன் மனதார டப்ளினுக்குத்தான் எழுதினார், ஆனால் அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியாது என்று குழு சொல்லிவிட்டது. டப்ளின் 1933இல் புதுக் கலைக்கூடம் திறந்து, அந்தப் படங்களுக்கென்று ஓர் அறையையே ஒதுக்கி வைத்துக் காத்திருந்தது. 1956இல் இரண்டு அயர்லாந்து மாணவர்கள் லண்டன் டேட் கலைக்கூடத்துக்குள் போய், லேன் படங்களில் ஒன்றான பெர்த் மோரிசோவின் ஓவியத்தைப் பட்டப்பகலில் கையிலெடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கி வந்துவிட்டார்கள். அதைப் புகைப்படமும் எடுத்தார்கள். சில நாளில் ஓவியம் அயர்லாந்துத் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தது. மாணவர்களே, கைதட்டுவது போதும், இதை இங்கே செய்து பார்க்க வேண்டாம். 1959இல்தான், படங்களை இரண்டு பங்காக்கி மாற்றி மாற்றி டப்ளினுக்கு அனுப்புவது என்று ஒப்பந்தம் ஆனது. இரண்டு சாட்சி இல்லாததற்கு 44 ஆண்டு.

நம் ஊரில் சிக்கல் இன்னும் சுலபமாக வரும். அசையும் பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தாலே தானம் செல்லும், பத்திரம் கட்டாயமில்லை. அதனால் பெரும்பாலும் ஒரு சால்வை, ஒரு நன்றிக் கடிதம், ஒரு குரூப் போட்டோ, அதோடு முடிந்தது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பட்டாபிஷேகம் தஞ்சாவூர் ஓவியத்தை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பேரன் பெரியவனாகிப் போய்க் கேட்டால், அப்படி ஒரு படம் வந்ததாகவே பதிவில் இல்லை. நல்ல வேளை, ஒரு பழைய ஊழியர் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றிருக்கிறது. முன்பக்கம் தங்கரேக்கு மின்னுகிறது. திருப்பினால் பலாப்பலகையைச் செல் அரித்து, விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. வாங்கும்போதே பின்பக்கத்தைப் பார்த்து, நிலையை எழுதி, படம் எடுத்து, தனி அறையில் சில வாரம் வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனித்திருக்க வேண்டாமா? பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே நம் அமைப்பின் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வோர் அருங்காட்சியகத்தின் வரவுப் பதிவேட்டையும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். பொருளின் படம், முன்னும் பின்னும். வந்த தேதி, பதிவெண், அளவு, யார் கொடுத்தார், அவருக்கு எப்படி வந்தது, என்ன நிபந்தனை, தேர்வுக் குழுவில் யார் யார் கையெழுத்து. கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்றால் அதை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபுரந்தானில் ஒரு புகைப்படம் செய்த வேலையைப் பதிவேடு முழுவதும் செய்யட்டும். திருட்டுப் பொருளைத் தானமாகக் கொடுக்க வருபவர் அந்தப் பக்கமே வர மாட்டார். ஆள் போதவில்லை என்பார்கள். உண்மைதான். காப்பாட்சியர் தலையாட்டுகிறார். ஆள் போடுங்கள் என்பதையும் மனுவிலேயே சேர்த்திருக்கிறோம்.

மூன்றாவது வரிச்சலுகை. பணமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு, படமாகக் கொடுத்தால் கிடையாது என்பது நம் நிலைமை. பிரான்சில் பிக்காசோவின் வாரிசுகள் வரிக்குப் பதில் படங்களைக் கொடுத்ததில், 1985இல் பாரிஸில் ஓர் அருங்காட்சியகமே திறந்தது. விரிவாகச் சொல்ல ஆசைதான், துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம்.

வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முகவரியைப் பின்கோடுடன் எழுதுங்கள், போன தடவை பாதிப் பேர் எழுதவில்லை. காபி வலதுபக்க வராந்தாவில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.