திரும்புற பக்கமெல்லாம் ரயன், இதுல நம்மாளு எவரு?

ஹாய் மக்களே, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். என் வீட்டுக்காரர் பூர்வீகம் அயர்லாந்துல டிப்பரேரி, குடும்பப் பேரு ரயன். அங்க கல்ல விட்டெறிஞ்சா அது ஒரு ரயன் மேலதான் விழும். மாமனாருக்கு அவரோட தாத்தா வரைக்கும் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியல, நீ தேடிப் பாரும்மான்னுட்டார்.

சென்சஸ் பாத்தா முடிஞ்சுதுன்னு நெனைப்பீங்க. 1922ல உள்நாட்டுச் சண்டையில டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ல இருந்த ரெக்கார்ட் ஆஃபீஸ் எரிஞ்சு, 1821ல இருந்து 1851 வரைக்கும் எடுத்ததுல பெரும்பகுதி போச்சு, அதுக்கப்புறம் எடுத்தத கவர்மென்ட்டே அழிச்சிருச்சு, அதனால முழுசா மிஞ்சினதுல ரொம்பப் பழசு 1901 தான். 1911 சென்சஸ்லயும் வயச நம்பாதீங்க, நடுவுல 70 வயசுக்கு பென்ஷன் வந்துச்சா, பத்து வருஷத்துல பதினஞ்சு வயசு கூடின ஆளெல்லாம் இருக்காங்க!

இறப்புப் பதிவு 1864ல இருந்து இருக்கு, ஐரிஷ் ஜீனியாலஜி சைட்ல ஃப்ரீ. ஆனா அதுல செத்தவரோட அப்பா அம்மா பேர் கெடையாது (ஸ்காட்லாந்துல போடுவாங்க, இங்க இல்ல, எனக்குச் செம கடுப்பு). அப்போ ஒரே பேர்ல அஞ்சாறு ரயன் செத்திருந்தா எது நம்மாளு?

இங்கதான் நிலப் பதிவு கைகொடுக்குது. மாமனாரோட தாத்தாவோட பிறப்புப் பதிவுல அவர் அப்பா பேரும் டவுன்லேண்ட் பேரும் கெடைச்சுது. டவுன்லேண்ட்னா நம்ம குக்கிராமம் சைஸ், நாடு முழுக்க 60,000க்கு மேல இருக்கு. அத வச்சு க்ரிஃபித்ஸ் வேல்யுவேஷன் பாத்தேன், 1847ல இருந்து 1864 வரைக்கும் வரி போட எடுத்த கணக்கு, குத்தகைக்காரர் யாரு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் யாரு, எத்தன ஏக்கர், எல்லாம் இருக்கு, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா பக்கத்துல அடையாளத்துக்கு அப்பா பேரோ பட்டப்பேரோ போட்டிருப்பாங்க.

அதுக்கப்புறம் கேன்சல்டு புக்ஸ், அதாவது க்ரிஃபித்ஸ் கணக்க பின்னாடி திருத்தித் திருத்தி எழுதிட்டு வந்த புக்ஸ். நிலம் கைமாறுனா பழைய பேர அடிச்சிட்டு மேல புதுப் பேர் எழுதுவாங்க, ஒவ்வொரு தடவையும் வேற கலர் மை, ஓரத்துல வருஷம். நம்ம நிலத்துக்கான லைன்ல ஒரு ரயன் பேர சிவப்புல அடிச்சு ஒரு பொம்பள பேரு, ஓரத்துல 84. அப்புறம் அவங்களையும் நீலத்துல அடிச்சு தாத்தாவோட அப்பா பேரு! அப்போ முதல் ஆளு 1884க்குக் கொஞ்சம் முன்னாடி செத்திருக்கணும், ஏன்னா புக்குல பேர் மாத்துறது எப்பவுமே லேட்டாத்தான் நடக்கும். இறப்புப் பதிவுல பின்னாடி போய்த் தேடினா 1882ல அதே டவுன்லேண்ட்ல ஒரு ரயன், விவசாயி, 68 வயசு, ப்ராங்கைட்டிஸ். தகவல் சொன்னவர் காலத்துல மகன் பேரு, சாகும்போது கூட இருந்தார்னு குறிப்பு, கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி. அந்த மகன்தான் தாத்தாவோட அப்பா. சத்தமாவே கத்திட்டேன், மாமனார் கிச்சன்ல இருந்து ஓடி வந்தார்.

கேன்சல்டு புக்ல அதே லைன்ல பின்னாடி எல்.ஏ.பி.ன்னு ஒரு ஸ்டாம்ப் இருக்கு, லேண்ட் ஆக்ட்ல கவர்மென்ட் கடன் வாங்கி நிலத்தைச் சொந்தமாக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

வட அயர்லாந்து ஆளுங்களா இருந்தா நீங்க லக்கி, இந்த புக்ஸ் அங்க ப்ரோனி (அந்த ஊர் அரசு ஆவணக் காப்பகம்) சைட்லயே ஃப்ரீயா ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, டவுன்லேண்ட் பேர் மட்டும் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.