மேடையில் நிற்பவரின் சம்பளம்

(இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் 1995 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. வெள்ளை மாளிகையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் பெயர், பதவி, ஆண்டுச் சம்பளம் மூன்றையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திடம் கொடுத்தாக வேண்டும். ஜூலை மாதத் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் வரும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதிபரின் சார்பில் நிருபர்களைச் சந்தித்துப் பதில் சொல்பவர் பத்திரிகைச் செயலர். 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் பத்திரிகைச் செயலர் கரோலின் லீவிட்டின் சம்பளம் 1,95,200 டாலர். பதவிக்கு வந்தபோது அவருக்கு வயது 27. அவருக்கு முன் மிக இளையவர் என்ற பெயர் அதிபர் நிக்சனின் பத்திரிகைச் செயலர் ரான் சீக்லருக்கு இருந்தது. 1969இல் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது 29.

உங்களில் பாதிப் பேராவது நிருபர் வேலைக்குப் போகாமல், ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ கட்சிக்கோ அரசுத் துறைக்கோ செய்தித் தொடர்பாளராகப் போகப்போகிறீர்கள். அதனால்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன். உலகத்திலேயே அதிகம் பார்க்கப்படும் செய்தித் தொடர்பாளர் வேலை இது. சம்பளமும் பதவித் தரமும் வெட்டவெளிச்சமாக இருப்பதால், யார் வருகிறார்கள், எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார்கள், என்ன விலைக்கு வருகிறார்கள் என்பதைக் கணக்குப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் தலைகளை எண்ணுவோம். 1929இல் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் ஏகர்சனைத்தான் முதல் பத்திரிகைச் செயலர் என்று சொல்கிறார்கள். அன்றிலிருந்து 1992 முடியும்வரை அந்தப் பதவியில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளையர்கள். 1993 ஜனவரியில் பில் கிளிண்டன் பதவியேற்றபோது டீ டீ மயர்ஸ் வந்தார். முதல் பெண். வயது 31. இரண்டாவது பெண் டானா பெரினோ வருவதற்கு 2007 ஆகிவிட்டது. அப்புறம் நிலைமை தலைகீழாக மாறியது. 2017 ஜூலையில் ஷான் ஸ்பைசர் விலகிய பிறகு சாரா சாண்டர்ஸ், ஸ்டெஃபனி கிரிஷம், கெய்லி மெக்கனனி, ஜென் சாகி, கரீன் ஜான் பியர், கரோலின் லீவிட் என்று வரிசையாக ஆறு பேரும் பெண்கள். 2022 மே மாதம் பொறுப்பேற்ற ஜான் பியர்தான் இந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கதை நன்றாக முடிந்துவிட்டது போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல டீ டீ மயர்ஸிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

வெள்ளை மாளிகையில் மூத்த அதிகாரிகளுக்குப் படிநிலை உண்டு. மேலே இருப்பது அதிபரின் உதவியாளர் என்ற தரம். அதற்கு ஒரு படி கீழே துணை உதவியாளர். தரம்தான் சம்பளத்தை முடிவு செய்யும். எந்த அறை, எந்தக் கூட்டத்தில் நாற்காலி என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே. மயர்ஸுக்கு முன்னால் இருந்த மார்லின் ஃபிட்ஸ்வாட்டர் மேல் தரத்தில் இருந்தவர். மயர்ஸ் வந்தபோது பதவியின் பெயரை அவருக்குக் கொடுத்தார்கள். தரத்தை ஒரு படி இறக்கினார்கள். பத்திரிகைச் செயலர்கள் வழக்கமாக உட்காரும் பெரிய அறை, தகவல் தொடர்பு இயக்குநராக வந்த ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலஸுக்குப் போனது. தினசரிச் செய்தியாளர் சந்திப்பையும் தொடக்கத்தில் அவரே நடத்தினார். மயர்ஸுக்குச் சின்ன அறை, முன்னோரைவிடக் குறைந்த சம்பளம். முதல் பெண் பத்திரிகைச் செயலர் என்ற தலைப்புச் செய்தி மட்டும் எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

தரம் குறைந்தால் சம்பளத்தோடு போகாது, தகவலும் குறையும். 1993 ஜூன் மாதம் ஈராக்கின் உளவுத் துறைத் தலைமையகத்தின் மீது அமெரிக்கா ஏவுகணை வீசியது. அது வரப்போகிறது என்பது மயர்ஸுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அன்றைக்குப் பெரிய செய்தி எதுவும் இல்லை என்ற நினைப்பில் அவர் நிருபர்களுக்குப் பதில் சொல்லியிருந்தார். சில மணி நேரத்தில் தாக்குதல் நடந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். நிருபர் இவரை நம்பித்தான் நாளிதழின் முதல் பக்கத்தை முடிவு செய்கிறார். ஒரு தடவை அந்த நம்பிக்கை உடைந்தால், அடுத்த நாள் அதே ஆளிடம் கேள்வி கேட்பதற்குப் பதிலாகப் பக்கத்து அறைக்காரரைத் தேடிப் போவார்கள். உள்ளே தகவல் கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு வெளியே இவருக்குச் செல்வாக்கு இல்லை என்று பேசுவது எவ்வளவு அநியாயம்!

இனி சம்பளம். தன்னைவிடப் பொறுப்பு குறைந்த ஓர் ஆண் சக ஊழியர் தன்னைவிட ஆண்டுக்கு 10,000 டாலர் கூடுதலாக வாங்குகிறார் என்பது மயர்ஸுக்குத் தெரியவந்தது. வெள்ளை மாளிகை ஊழியர்களின் தலைமை அலுவலர் லியோன் பனெட்டாவிடம் போய்க் கேட்டார். கிடைக்கவில்லை. அந்த ஆண் வெளியே நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், அவருக்குக் குடும்பம் இருக்கிறது என்பதுதான் பதில். பின்னாளில் மயர்ஸே இதை எழுதியிருக்கிறார்.

இந்தப் பதிலை நாம் கேட்காததா? "அவன் குடும்பஸ்தன், உனக்கு என்னம்மா அப்படிச் செலவு?" என்று நம் ஊர் அலுவலகங்களில் எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பார்கள்! வேலைக்குத்தான் சம்பளம், வீட்டில் எத்தனை வாய் என்பதற்கு இல்லை. முந்தைய வேலையில் என்ன வாங்கினாய் என்று பார்த்துச் சம்பளம் போட்டால், முந்தைய வேலையில் நடந்த அநியாயத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும். அரசாங்கத்தின் உச்சியிலேயே இதுதான் நடந்தது.

1994 செப்டம்பரில் மயர்ஸை மாற்றிவிடும் பேச்சு வந்தபோது அவர் நேராக கிளிண்டனிடம் போனார். மேல் தரமும் பழைய பெரிய அறையும் கிடைத்தன. ஆண்டு முடிவில் விலகினார். அதாவது, அந்த வேலையை முழு வேலையாக அவர் பார்த்தது சில மாதங்கள்தான். அடுத்து வந்த மைக் மெக்கரி முதல் நாளிலிருந்தே முழுத் தரத்தோடு வந்தார். செய்தியாளர் சந்திப்பு முழுவதையும் தொலைக்காட்சி நேரலையாகக் காட்ட அனுமதித்தவரும் அவர்தான். ஒரு காலத்தில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நீச்சல் குளமாக இருந்த இடத்தின் மேல் அமைந்த 49 இருக்கை கொண்ட அந்தச் சின்ன அறை, அன்றிலிருந்து உலகத்தின் வரவேற்பறைகளுக்குள் வந்துவிட்டது. நிருபர்களோடு பழகத் தெரிந்திருந்தால் போதும் என்ற நிலை போய், கேமரா முன்னால் நிற்கத் தெரிந்தாக வேண்டும் என்று ஆனது. யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இந்த மாற்றம் நிறையவே பாதித்திருக்கிறது என்பது என் கருத்து.

இருபது ஆண்டு தள்ளிப் போவோம். 2014 ஏப்ரல் 8. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம சம்பளம் வேண்டும் என்பதற்காக ஒபாமா ஆணைகளில் கையெழுத்திட்ட நாள். அந்த நாட்களில் பத்திரிகைச் செயலர் ஜே கார்னியிடம் நிருபர்கள் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளை மாளிகையின் சம்பளப் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டால், ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் பெண் 88 சென்ட்தான் வாங்குகிறாரே என்பது கேள்வி. ஒரே வேலையைப் பார்க்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இங்கே ஒரே சம்பளம்தான், 88 என்பதும் நாட்டின் சராசரியைவிட மேல் என்று கார்னி பதில் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரே தரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே தொகைதான். ஆனால் கீழ்ப்படிகளில் பெண்கள் அதிகமாகவும் மேல்படிகளில் குறைவாகவும் இருந்தால் சராசரி அப்படித்தான் வரும். மயர்ஸ் காலத்தில் ஒரே பதவியின் தரத்தை இறக்கியதால் வந்த இடைவெளி, இப்போது யாரை எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்பதில் ஒளிந்துகொண்டது. இதை நிருபர்கள் கண்டுபிடித்ததற்கு ஒரே காரணம் அந்தப் பட்டியல் பொதுவில் இருந்ததுதான். நம் மாவட்டங்களில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் ஆணோ பெண்ணோ ஊதிய நிலை ஒன்றே, அரசாணையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அரசியல் கட்சிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் இதே வேலையைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மேல் தரச் சம்பளமே போதுமானதா? 2007இல் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பத்திரிகைச் செயலர் டோனி ஸ்னோ பதவி விலகியபோது வெளிப்படையாகவே சொன்னார்: பணம் தீர்ந்துவிட்டது. தொலைக்காட்சியில் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், 1,68,000 டாலர் சம்பளத்துக்கு வந்திருந்தார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே வேலை பார்த்தார், மறு ஆண்டே இறந்தும் போனார். 2011 தொடக்கத்தில் ஒபாமாவின் முதல் பத்திரிகைச் செயலர் ராபர்ட் கிப்ஸ் விலகியபோது, அவர் ஓய்வில்லாமல் உழைத்ததையும் ஓரளவு எளிய சம்பளமே வாங்கியதையும் ஒபாமா குறிப்பிட்டுப் பேசினார். கிப்ஸின் சம்பளம் 1,72,200 டாலர். சராசரி அமெரிக்கக் குடும்பம் ஓர் ஆண்டில் ஈட்டுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! அந்தப் பேச்சு பலரைக் கோபப்படுத்தியது. கோபம் நியாயமானது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

2009இல் கிப்ஸுக்கு 1,72,200. 2017இல் ஸ்பைசருக்கு 1,79,700. 2021இல் சாகிக்கு 1,80,000. 2025இல் லீவிட்டுக்கு 1,95,200. பதினாறு ஆண்டில் சம்பளம் சுமார் 13 சதவீதம் கூடியிருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி ஏறக்குறைய 50 சதவீதம் ஏறிவிட்டது. கிப்ஸ் வாங்கியதன் மதிப்பு இன்றைக்கும் அப்படியே இருக்க வேண்டுமானால் 2,58,000 டாலருக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக அமர்ந்த இதே காலத்தில்தான் அந்த நாற்காலியின் உண்மைச் சம்பளம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பெண்கள் வந்ததால் தேய்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தரத்தில் இருக்கும் எல்லோருக்குமே இப்படித்தான். ஆனாலும் இரண்டும் ஒன்றாக நடந்திருக்கின்றன என்பதைக் கவனிக்காமல் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. வேலையின் கனமும் இதே காலத்தில் ஏறி இறங்கியது. கிரிஷம் பதவியில் இருந்த 2019 ஜூலை முதல் 2020 ஏப்ரல் வரை அந்த மேடையில் ஒரு செய்தியாளர் சந்திப்புகூட நடக்கவில்லை. அதிபர் டிரம்ப்பே நேராக ட்விட்டரில் பேசிக்கொண்டிருந்தார்.

சம்பளம் போதாமலும் ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்றால், பிறகு கிடைப்பதற்காக. கார்னி அமேசானுக்குப் போனார், கிப்ஸ் மெக்டொனால்ட்ஸுக்கு. பெரினோவும் மெக்கனனியும் ஃபாக்ஸ் நியூஸுக்கு, சாகி எம்எஸ்என்பிசி தொலைக்காட்சிக்கு. சாரா சாண்டர்ஸ் ஆர்கன்சாஸ் ஆளுநரே ஆகிவிட்டார். எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், பின்னால் வரும் பணத்தை நம்பி முன்னால் சில ஆண்டுகள் தாங்கக்கூடியவர்கள் மட்டும்தான் இந்தப் பாதையில் நடக்க முடியும். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை என்ன செய்யும்?

அந்தப் பாதை தொடங்கும் இடம் அமெரிக்க நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் 18 நிரந்தர ஊழியர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் பத்திரிகைச் செயலர், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர். காலையில் தொகுதி நாளிதழ்களைப் பார்த்துத் தொகுப்பது, அறிக்கை எழுதுவது, சமூக ஊடகப் பதிவு போடுவது, உறுப்பினரைத் தொலைக்காட்சி நேர்காணலுக்கு அழைத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான். வாஷிங்டனில் வாடகை கொடுத்துக் குடியிருக்க வேண்டும். அந்தச் சபையின் முழுநேர ஊழியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 45,000 டாலர் என்று வரையறுத்ததே 2022 செப்டம்பரில்தான், நான்சி பெலோசி சபாநாயகராக இருந்தபோது. அதற்கு முன் அந்த உறுதிகூட இல்லை.

அதற்கும் முந்தைய படி பயிற்சி ஊழியர். 2019க்கு முன் அவர்களில் ஏராளமானோர் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார்கள். கோடை முழுக்கச் சம்பளமில்லாமல் வாஷிங்டனில் தங்க யாரால் முடியும்? அப்பா அம்மா பணம் அனுப்பக்கூடிய பிள்ளைகளால்தான். அதன் விளைவு மேலே தெரிந்தது. 2018இல் ஓர் ஆய்வு மையம் பிரதிநிதிகள் சபையின் உயர்நிலை ஊழியர்களை, தகவல் தொடர்பு இயக்குநர்கள் உட்பட, எண்ணிப் பார்த்தது. அவர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் 13.7 சதவீதம். நாட்டு மக்களிலோ அவர்கள் சுமார் 38 சதவீதம். மேலே இருக்கும் மேடையில் யார் நிற்கிறார்கள் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே போகும் படிக்கட்டின் முதல் படியிலேயே பாதிப் பேர் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார்கள்.

இதைப் பேசிப் பேசித்தான் வழி பிறந்தது. 2019ஆம் நிதியாண்டிலிருந்து பயிற்சி ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கென்றே பிரதிநிதிகள் சபையின் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஒதுக்கினார்கள். பெரிய தொகை இல்லை. ஆனாலும் அந்தக் காசு இல்லாவிட்டால் வந்தேயிருக்க முடியாத சிலர் அன்றைக்கு உள்ளே வந்திருக்கிறார்கள். அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது இருபத்தாறு, இருபத்தேழு. லீவிட் பதவிக்கு வந்த வயது. அவர்களில் எத்தனை பேர் வாடகையும் கல்விக் கடனும் கட்டிக்கொண்டு இந்தத் தொழிலிலேயே நிலைக்கிறார்கள் என்பதைத்தான் அடுத்த பத்து ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.