தட்டுல காசு எண்ணிக்கை சரி, காசுதான் வேற

எல்லாருக்கும் வணக்கம். பழைய அமெரிக்க காசு பத்தி பேசுங்கன்னாங்க, விலை பேசுவேன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும், நான் பேசப்போறது பேப்பர் பத்தி. கலெக்டர் வச்சிருந்த குறிப்பு, போட்டோ, ஏலக் கேட்லாக், இந்த மாதிரி சமாச்சாரம்.

பிலடெல்ஃபியா மின்ட்ல, அதாவது அமெரிக்க அரசு நாணயச்சாலையில, 1793லேர்ந்து 1857 வரைக்கும் பெரிய செம்பு சென்ட் அடிச்சாங்க, நடுவுல 1815 மட்டும் கிடையாது. ஆரம்ப வருஷங்கள்ல அச்சு எல்லாம் கைவேலைதான், அதனால ஒரு அச்சுல காசுல இருக்க பொண்ணு தலையோட முடி ஒரு மாதிரி, இன்னொன்னுல இலை வேற எடத்துல, இந்த வித்தியாசத்த புடிச்சு தனித்தனி ரகமா பிரிச்சு சேக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அதுல பெரிய ஆளு ஜார்ஜ் கிளாப், பிட்ஸ்பர்க்காரர், பின்னாடி அல்கோவா ஆன அலுமினிய கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். தொழில்ல உலோக டெஸ்டிங் பண்ணவர், அந்த புத்தி காசுலயும் இருந்துச்சு, ரகம் ரகமா எழுதி வச்சார். 1946 வாக்குல தன் பெரிய சென்ட் கலெக்ஷன நியூயார்க்ல இருந்த அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு குடுத்துட்டார்.

இப்ப வில்லன். வில்லியம் ஷெல்டன். எண்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப்னு உடம்பு வாக பிரிச்சு ஜிம்ல இன்னும் சொல்றாங்களே, அத சொன்ன ஆள்தான். மனுஷங்கள போட்டோ புடிச்சு உடம்புக்கு நம்பர் போட்டவர், காசு எவ்ளோ தேயாம நல்லா இருக்குன்னு பாத்து அதுக்கும் 1லேர்ந்து 70 வரைக்கும் நம்பர் போட்டார், 1949ல. 70 நம்பர் காசு 1 நம்பர் காசு மாதிரி 70 மடங்கு விலைன்னு கணக்கு, விலை அப்படி நிக்கல, ஆனா நம்பர் நின்னுடுச்சு, இன்னிக்கும் அமெரிக்க காசு கிரேடிங், அதாவது தரம் பாக்கறது, அதுலதான் ஓடுது.

இவ்ளோ பெரிய ஆளு சங்கத்துக்கு வந்து ஆராய்ச்சி பண்றேன்னா யாரு தடுப்பாங்க? காசு அடுக்கி வச்ச தட்ட எடுத்து முன்னாடி வச்சுட்டாங்க. அவர் என்ன பண்ணார்னா கிளாப்போட நல்ல காசு ஒன்ன எடுத்துகிட்டு அதே ரகத்துல சுமாரான காசு ஒன்ன அங்க வச்சுட்டார். இப்படி நூத்துக்கும் மேல. எண்ணிப் பாத்தா சரி, சீட்டுல எழுதின ரகம் சரி, அச்சு நம்பர் சரி, எல்லாமே சரி! ரகத்த மட்டும் எழுதி வச்ச எந்த ரெஜிஸ்டரும் இந்த திருட்ட புடிக்காது சார், ஏன்னா அந்த ரெஜிஸ்டர் படி எதுவுமே காணாமப் போகல.

அவர் 1977ல செத்துட்டார். திருட்டு சங்கத்துக்கு தெரிஞ்சது 1990 வாக்குலதான். கிளாப் காசோட பழைய போட்டோவையும் தட்டுல இருக்க காசையும் பக்கத்துல வச்சு பாத்தா கன்னத்துல இருந்த கீறல் இல்ல, ஓரத்துல இருந்த அடி இல்ல. செம்பு ரொம்ப மெத்து, பட்ட அடியெல்லாம் அப்படியே நிக்கும், நம்ம கைரேகை மாதிரி. கீறல்னா காசுக்கு குறை, கிரேடு எறங்கும், ஆனா இங்க சாட்சி சொன்னதே அந்த கீறல்தான்.

அதுக்குள்ள ஷெல்டன் 1972லயே தன் கலெக்ஷன நாஃப்ட்ஸ்கர்ங்கற கலிபோர்னியா கலெக்டருக்கு வித்தாச்சு. சங்கம் காச திருப்பிக் கேட்டப்ப, நான் பணம் குடுத்து நல்லபடியா வாங்கினேன், வழக்கு போடற காலம் தாண்டிடுச்சுன்னு அவர் வாதம், அவர் பக்கமும் பாவமாதான் இருக்கு. 1996ல கலிபோர்னியா அப்பீல் கோர்ட் ஒத்துக்கல, பறிகொடுத்தவங்களுக்கு விஷயம் தெரிஞ்சதுலேர்ந்துதான் காலம் ஓடும்னுச்சு.

இன்னொன்னு, ஷெல்டன் காலேஜ் பசங்கள துணியில்லாம எடுத்த போட்டோ ஒரு பகுதி வாஷிங்டன்ல இருக்க ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருந்துச்சு. 1995ல விஷயம் வெளிய வந்ததும் பாக்க முடியாதுன்னு பூட்டிட்டாங்க, யேல் யுனிவர்சிட்டி பசங்க படங்கள அழிச்சே போட்டாங்க. அது சரிதான்னு நான் சொல்வேன், அந்த பசங்கள யாரும் கேட்டு எடுக்கல. எல்லா ஆவணத்தையும் காப்பாத்தணும்னு மேடையில ஈசியா சொல்லிடலாம், இத நெனச்சா வாய் கொஞ்சம் அடங்குது.

ஏலக் கேட்லாக்குக்கு வரேன். சாப்மன் பிரதர்ஸ் மாதிரி பழைய பிலடெல்ஃபியா வியாபாரிங்க போட்டோ தாளோட கேட்லாக் போட்டாங்க, வாங்க வந்தவங்க ஓரத்துல பென்சில்ல விலையும் வாங்கினவர் பேரும் கிறுக்கி வச்சாங்க, ஒரு காசு யார் கைலேர்ந்து யார் கைக்கு போச்சுன்னு இன்னிக்கு தேடறவங்களுக்கு அந்த கிறுக்கல்தான் சொத்து. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டியில நடக்கற நியூமன் போர்ட்டல்ங்கற வெப்சைட்டுல இந்த மாதிரி கேட்லாக் எக்கச்சக்கமா ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்காங்க. ரெண்டு மூணு பக்கம் இப்ப ஸ்கிரீன்ல போடறேன், டவுட்டு இருந்தா நடுவுலயே கேளுங்க.