மேமோகிராம்ல 'கிளியர்'னு வந்தா என்ன அர்த்தம்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ரேடியோகிராஃபர், மேமோகிராம், அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே படம் எடுக்குறதுதான் என் வேலை. வர்ற அக்காமாருங்க முக்கால்வாசிப் பேர் கேக்குறது ரெண்டே கேள்வி, வலிக்குமா, இதை நம்பலாமா. வலியைப் பத்தி உள்ளதைச் சொல்லிடுறேன், ரெண்டு தட்டுக்கு நடுவுல மார்பை வச்சு சில செகண்ட் அமுக்குவோம், சிலருக்கு நல்லாவே வலிக்கும், தாங்க முடியலன்னா சொல்லுங்க, நிறுத்திடுவோம்.

நம்பலாமாங்கிறதைத்தான் கொஞ்சம் விளக்கணும். இங்க சிங்கப்பூர்ல பொம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான், 13 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாவது வரலாம்னு கணக்கு. அதனாலதான் 2002லயே பிரெஸ்ட்ஸ்க்ரீன் சிங்கப்பூர் திட்டம் ஆரம்பிச்சாங்க, 50ல இருந்து 69 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்றாங்க, 50 தாண்டினவங்க மெடிசேவ்கூட (மருத்துவச் செலவுக்குன்னு சேர்த்து வைக்கிற கணக்கு) பயன்படுத்தலாம். 40களில இருக்கவங்க முதல்ல டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப படம் எடுத்ததுக்கு அப்புறம் வீட்டுக்கு வர்ற ரிசல்ட் லெட்டர் விஷயத்துக்கு வர்றேன். திரும்ப வாங்கன்னு லெட்டர் வந்தா வீடே கலங்கிப்போயிடுது, சாமிகிட்ட வேண்டிக்கிறாங்க, பிள்ளைங்ககிட்ட சொல்லாம ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்குறாங்க, பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும். அவங்களுக்காக ஒரு கணக்கு சொல்றேன். 1994ல இருந்து 97 வரைக்கும் பிரெஸ்ட்ஸ்க்ரீனுக்கு முன்னாடி இங்க நடந்த முதல் பரிசோதனைத் திட்டத்துல 28,000 பேருக்கு மேல படம் எடுத்தாங்க, 1000 பேருக்கு சுமார் 5 பேருக்குத்தான் புற்றுநோய் இருந்துச்சு. 1000 பேர்ல 100 பேரைத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னு வச்சுக்குங்க, அதுல 95 பேருக்கு ஒண்ணும் இருக்காது! இன்னொரு கோணத்துல படம், ஒரு அல்ட்ராசவுண்ட், சிலருக்கு மட்டும் ஊசி வச்சு கொஞ்சம் திசு எடுத்துப் பாக்குற பயாப்ஸி, பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும். ஆனா பயந்துகிட்டுப் போகாம இருந்துடாதீங்கம்மா, அந்த 5 பேர் யாருன்னு போனாத்தான் தெரியும்.

இதுக்கு நேர்மாறா, 'கிளியர்'னு, அதாவது படத்துல சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் தெரியலன்னு வந்துட்டா நிம்மதியா மறந்துடுறவங்க நிறைய, எனக்கு அவங்களை நினைச்சாத்தான் இன்னும் கவலை. எட்டு புற்றுநோய்ல ஒண்ணு மேமோகிராம்ல சிக்காமப் போகுதுன்னு அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியே சொல்லுது. ஏன்னா எக்ஸ்ரேல கொழுப்பு கருப்பாத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளைதான், அடர்த்தியான மார்பகத்துல அது வெள்ளைப் புடவையில சிந்துன பால் மாதிரி கண்ணுக்கே படாது. நம்ம ஆசியப் பெண்களுக்கு, அதுலயும் வயசு கம்மியா இருந்தா, இந்த அடர்த்தி அதிகம். சிலருக்கு ரெண்டு பரிசோதனைக்கு நடுவுலயே புதுசா கட்டி வளந்துடுது.

இன்னொண்ணும் மறைக்காம சொல்லணும். 2012ல பிரிட்டன்ல மைக்கேல் மார்மட் தலைமையில ஒரு நிபுணர் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிப் பாத்துச்சு, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்கள்ல மார்பகப் புற்றுநோய்ச் சாவு சுமார் 20 சதவீதம் குறையுதுன்னு சொன்னாங்க, ஆனா ஒரு உயிரைக் காப்பாத்துறப்ப மூணு பேருக்கு, விட்டிருந்தா கடைசிவரைக்கும் தொந்தரவே குடுத்திருக்காத புற்றுநோய்க்கும் சிகிச்சை நடக்குதுன்னும் சொன்னாங்க. எது வளரும் எது வளராதுன்னு முன்கூட்டியே உறுதியா சொல்ல இன்னும் வழியில்ல. இதெல்லாம் தெரிஞ்சும் என் தங்கச்சியை நான் போகச் சொல்வேன், உங்களையும் அப்படித்தான் சொல்றேன்.

போற அன்னிக்கு அக்குள்ல பவுடரோ டியோடரண்டோ போடாதீங்க, படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் வேணாம், வலி ஜாஸ்தியா இருக்கும். முன்னாடி வேற இடத்துல எடுத்திருந்தா எங்கன்னு சொல்லுங்க, பழைய படத்தோட வச்சுப் பாத்தாத்தான் புதுசா என்ன வந்திருக்குன்னு தெரியும்.

அப்புறம், இந்த ஸ்க்ரீனிங் எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ள இழுத்தாலோ, ரத்தமா கசிஞ்சாலோ, போன மாசம்தான் கிளியர்னு ரிசல்ட் வந்திருந்தாலும் சரி, அடுத்த மேமோகிராம் தேதிக்குக் காத்திருக்காதீங்க, நேரா டாக்டரைப் போய்ப் பாருங்க.