குழாய் போட்ட பிறகு யார் பார்ப்பது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'கிராமத்தில் சமூக மாற்றம் பெரிதும் வருவது அரசுத் திட்டத்தாலா, உள்ளூர்த் தலைவர்கள் தங்களுக்குள் யோசனைகளைப் பகிர்ந்துகொள்வதாலா?' இதுதான் இன்றைய தலைப்பு. அரசுத் திட்டத்தால்தான் என்று வாதாடும் எதிரணித் தலைவர், காவிரித் தண்ணீரை நம் இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "பத்துத் தலைவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் காவிரி பாலக்கோட்டுக்கு ஏறி வருமா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். வராதுங்க. குழாயை அரசுதான் போட வேண்டும். போட்டது, 2013-ல் திறந்தும் வைத்தது. அந்தத் தண்ணீர் ஊர்த் தொட்டிக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

அந்தத் திட்டம் எதற்கு வந்தது? நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு, இதற்கு அல்ல. சரி, காவிரி வந்தாயிற்றே? கடைக்கோடி ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் குறைவாக வந்த நாளில் டேங்க் ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போட்டு, அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் வராவிட்டால் காலிக்குடம் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். ஆக, போர்டில் காவிரி, பல்லில் போர்வெல்!

இதற்கு வழி உண்டு. போர் தண்ணீருக்குத் தனி சின்டெக்ஸ், தனிக் குழாய். அது துவைக்க, கழுவ. குடிக்கவும் உலை வைக்கவும் ஆற்றுத் தண்ணீர். 'உலை வைக்கவும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குடிக்க மட்டும் காவிரி, களி கிண்ட போர் என்றால் ஃப்ளோரைடு உருண்டையாக உள்ளே போகிறது. போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகிற லைனை அறுத்து மூடி போட்டுவிட வேண்டும். வால்வை மட்டும் மூடினால் சித்திரை வெயிலில் யாராவது திறந்துவிடுவார்கள். தண்ணீரைச் சோதிக்க ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் உண்டு. மாதிரியைத் தொட்டியடியில் பிடிக்காமல் கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்க வேண்டும், அதுவும் தண்ணீர் குறைவாக வந்த நாளில். நன்றாக வந்த நாளில் பிடித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்! நடுவர் அவர்களே, லைனை அறுக்கலாமா, மூடினால் போதுமா என்பது எந்தச் சுற்றறிக்கையில் வரும்? அதைச் செய்து பார்த்த பக்கத்து ஊர்க்காரர்தான் சொல்லித் தர முடியும்.

"தலைவர்கள் கூடினால் சால்வை, போண்டா, போட்டோ, அவ்வளவுதான்" என்றார் இன்னொரு நண்பர். அந்தக் கூட்டத்தில் யோசனை பரிமாறப்படாது, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்கிற கூட்டம் வேறு. ஒன்றியம் முழுவதையும் அழைக்கக் கூடாது. ஒரே குழாய்ப் பாதையில், அல்லது ஒரே ஏரி வரத்தில் இருக்கிற எட்டு, பத்து ஊராட்சிகள் போதும். தலைவரோடு மகளிர் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, டேங்க் ஆபரேட்டர் வர வேண்டும். மேடை வேண்டாம், வேலை நடந்த இடத்துக்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியது: என்ன செய்தோம், யார் செய்தார்கள், எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுத்தோம், எங்கே முட்டி நின்றோம். கடைசிக் கேள்வியைத் தட்டிக் கழிப்பவர் தன் ஊரைப் பற்றி விளம்பரம் செய்ய வந்தவர், அடுத்த தடவை அழைக்காதீர்கள்.

பணத் தலைப்பை ஏன் கேட்கிறேன்? 2021-26-க்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம். அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40-ல்தான் ஊர் தன் இஷ்டத்துக்கு யோசிக்க முடிந்தது. தனி சின்டெக்ஸ் வேலையைக் குடிநீர்த் தலைப்பில் காட்டிய ஊருக்கு அந்த 40 மிஞ்சியது. தெரியாத ஊர் அந்த வேலையையும் இந்த 40-ல் போட்டுவிட்டு, வேறு எதற்கும் காசில்லை என்று உட்கார்ந்திருந்தது. அடுத்தது, நேரம். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தயாராகிறது. ஆகவே இந்தக் கூட்டம் ஆவணியிலேயே நடக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு வந்த நல்ல யோசனை அடுத்த வருடம் வரை காத்திருக்கும்.

மகளிர் சுய உதவிக் குழுவை எதிரணியினர் அரசின் கணக்கில் எழுதினார்கள். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது தமிழ்நாட்டில் தொடங்கியது நம் தருமபுரியில்தான்; கிருஷ்ணகிரியும் அப்போது இதே மாவட்டம். பணத்துக்கு வழி செய்தது அரசு, மறுக்கவில்லை. ஆனால் குழுவை நடத்தும் ஊக்குநர் வீட்டிலேயே எல்லாப் புத்தகமும் இருந்தால் குழு எப்படி உடையும், கடன் அதே நான்கு பேரைச் சுற்றினால் மற்றவர்கள் சந்தா கட்டுவதை எப்படி நிறுத்துவார்கள் என்பதெல்லாம் குழுவிலிருந்து குழுவுக்கு வாய்மொழியாகப் போன பாடம்.

"தலைவர் பதவி போனால் யோசனையும் போகுமே?" என்கிறார்கள். 2025 ஜனவரியில் நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த யோசனை அன்றோடு போயிருக்கும். கூட்டமைப்பும் ஆபரேட்டரும் சேர்ந்து கற்றது போகாது. அதனால்தான் அவர்களையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொன்னேன்.

கடைசியாகக் குழந்தைத் திருமணம். 2006 சட்டம் இருக்கிறது. நடத்தி வைப்பவருக்கும் துணை போகிறவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. ஒரு ஊர் மட்டும் கட்டுப்பாடு போட்டால் என்ன ஆகும்? கல்யாணம் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போகும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபக்காரர், பூசாரி, பந்தல்காரர் எல்லாரும் பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ கேட்க வேண்டும். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. முதல் தகவல் பள்ளியில் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கு அதே வாரம் தெரிந்துவிடும். அவர் 1098-க்குச் சொல்வதோடு, மாப்பிள்ளை ஊர்த் தலைவருக்கும் ஒரு போன் போட்டால்தான் ஆள் போய்ச் சேரும். முன்கூட்டியே தெரிந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறி நடந்த திருமணம் செல்லாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அஞ்செட்டிப் பக்கத்தில் நிச்சயித்த கல்யாணத்தை விடியற்காலையில் எல்லை தாண்டிக் கர்நாடகக் கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிற எந்தத் திட்டத்தின் எந்த அலுவலர், தாலி கட்டுவதற்குள் அங்கே போய் நிற்பார்?